அப்பா அடுக்கி வைத்த பூக்கற்கள்

எங்கள் வீட்டின் முன்பாதியை இடித்தபோது நான் பதினோராம் வகுப்பில் இருந்தேன். சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று ஊரே பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சபரிமலை சீசன் வந்துவிட்டால் கேரளாவுக்குப் போகும் வண்டிகள் எங்கள் கடைத்தெருவில் நகர முடியாமல் நிற்கும். ஒருமுறை பிரசவத்துக்குப் போன ஆம்புலன்ஸ் எங்கள் வாசலிலேயே அரைமணி நேரம் அலறிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இடித்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அளக்க வந்தவர்கள் எங்கள் கூடத்துச் சுவரில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் சாலை, இந்தப் பக்கம் நாங்கள். அம்மா தையல் மெஷின் போட்டிருந்த இடம், வாசல் வளைவு, அதன் மேல் சுதையில் செய்த இரண்டு கிளிகள், தேக்குத் தூண்கள், அவை தாங்கிய ஓட்டுச் சார்ப்பு எல்லாம் அந்தப் பக்கம் போயின. பாதிக் கூடமும் ஓர் அறையும் சமையல்கட்டும் எங்களுக்கு மிஞ்சின.

அப்பா ஜீப் ஓட்டுகிறவர். மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு மலைப்பாதை வழியாகப் போவார். சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து இறக்குவார். அவருடைய தாத்தா கொடிக்கால் வைத்து வெற்றிலையில் செழிப்பாக இருந்த காலத்தில் கட்டிய வீடு அது. கொடிக்காலும் வயலும் அப்பா பிறப்பதற்கு முன்பே கைமாறிவிட்டன. வீடு மட்டும் நின்றது. ஜீப் ஸ்டாண்டில் மற்றவர்களையெல்லாம் டிரைவர் என்று கூப்பிடுவார்கள். அப்பாவை மட்டும் "கிளிவீட்டுக்காரரே" என்பார்கள். அந்தச் சொல்லில் அவருக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்பது கிளிகள் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இடித்த அன்று அவர் வழக்கம்போல ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். பார்க்க முடியாது என்றுதான் போனார் என்று நினைக்கிறேன். ஜேசிபி வந்து ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டது. சாயங்காலம் திரும்பி வந்தவர் வீட்டைப் பார்க்கவில்லை. கீழே குனிந்து இடிபாட்டைப் பார்த்தார். கூடத்துத் தரையில் பதித்திருந்த பூப்போட்ட சிமெண்டுக் கற்கள் அதில் சிதறிக் கிடந்தன. நாங்கள் அவற்றைப் பூக்கல் என்போம். காவி நிறத் தரை, நடுவில் எட்டு இதழ் வெள்ளைப் பூ, மூலைகளில் பச்சை. அப்பா சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, உடையாமல் கிடந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்க ஆரம்பித்தார். இருட்டும்வரை அடுக்கினார். மறுநாள் லாரி வந்து மீதியை அள்ளிக்கொண்டு போனது. நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே முழுக் கற்கள் அவருக்குக் கிடைத்தன.

"உள்ள இன்னும் எடமிருக்கு. பத்தடி உள்ள தள்ளி வாசல எடுப்போம். அதே வளைவு, அதே கிளி. தரைக்கு இதே கல்லு," என்றார் அம்மாவிடம்.

அம்மா கொத்தனாரைக் கூட்டி வந்தார். கொத்தனார் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சுற்றி வந்தார். பழைய சுண்ணாம்புத் தளம். மர உத்தரங்களின் ஒரு முனை இடித்த முன்சுவரில்தான் உட்கார்ந்திருந்தது. இப்போது அந்த முனையைச் சவுக்குக் கம்புகள் முட்டுக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தன.

"அண்ணே, இதப் பூராத்தையும் எறக்கிட்டுப் புதுசாத்தான் கட்டணும். ஒரு மழைக்குத் தாங்கும், ரெண்டு மழைக்குத் தாங்கும். மூணாவது மழைக்கு நான் பொறுப்புச் சொல்ல மாட்டேன்," என்றார்.

"நீ முட்ட மட்டும் இறுக்கிக் குடு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்," என்றார் அப்பா.

நஷ்டஈட்டுப் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. போட்டால் வீடு போனதை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று நினைத்தார். அதனால் பணம் வரவில்லை, புதிதாகக் கட்டவும் வழி இல்லை, வேறு வீட்டுக்குப் போகவும் அவர் விடவில்லை. திறந்து கிடந்த பக்கத்தில் நீலத் தார்ப்பாயைக் கட்டி, நாங்கள் அந்த அரை வீட்டில் ஐந்து மாதம் குடியிருந்தோம்.

காற்றடித்தால் தார்ப்பாய் மேலே எழும்பும். சாலையில் போகும் பஸ்களின் ஜன்னல் எங்கள் சமையல்கட்டுக்கு நேராக வரும். "ஒங்கம்மா தோச சுடுறது பஸ்ஸுல இருந்தே தெரியுதுடி," என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். கேலியாகச் சொல்லவில்லை, அவள் பார்த்ததைச் சொன்னாள். ஆனாலும் அன்றிலிருந்து நான் அந்த பஸ் வரும் நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டேன். உடை மாற்ற வேண்டுமென்றால் அம்மா சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். சோற்றில் மண் நறநறக்கும். சாலைக்கு ஊற்றும் கீலின் வாசனை துணியிலும் தலைமுடியிலும் ஏறிக்கொண்டது.

அம்மாவுக்கு இதெல்லாம் பெரிதில்லை. கூரைதான் அவருடைய பயம். உத்தரத்துக்கு நேர் கீழே ஒரு எவர்சில்வர் தட்டை வைத்திருந்தார். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தத் தட்டில் எவ்வளவு சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். ரேஷன் கார்டு, என் சர்ட்டிபிகேட், மூவரின் ஆதார் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பின்வாசல் ஆணியில் மாட்டியிருந்தார். ஐப்பசி மழை தொடங்கியதும் தட்டில் உதிர்வது அதிகமானது.

"ஒங்க கால்ல விழுகுறேன்," என்று ஒருநாள் அப்பாவிடம் உண்மையாகவே குனிந்துவிட்டார். "பிள்ளைக்காகவாச்சும் வாடகைக்குப் போயிருவோம்."

அப்பா காலை இழுத்துக்கொண்டார். "அந்தக் கல்ல இங்கன விட்டுட்டு என்னால வர முடியாது. நீங்க வேணாப் போங்க."

தினமும் சாயங்காலம் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து, டீ குடித்துவிட்டு, ஒரு சின்ன உளியோடு கற்களின் முன்னால் உட்கார்ந்துகொள்வார். அடியில் ஒட்டியிருக்கும் பழைய சுண்ணாம்பைச் சுரண்டுவார். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவார். துண்டால் துடைத்து அடுக்குவார்.

இந்த நிலைமையில்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் சுவர் வேலை ஆரம்பித்தது. நம் ஊர்க் கட்டடக் கலைப் பாரம்பரியத்தைப் பற்றி ஏதாவது செய்ய வேண்டும், வெளியிலிருந்து அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லப்பட்டது. எங்கள் ஓவிய டீச்சர் போடியிலிருந்து பஸ்ஸில் வாரத்துக்கு மூன்று நாள் வருகிறவர். நிரந்தர வேலை இல்லை. கேட்டுக்கு உள்ளே இருக்கும் நீளச் சுவரில், உடைந்த டைல்ஸ் துண்டுகளை ஒட்டிக் கடைத்தெருவின் பழைய வீடுகளைப் படமாகச் செய்யலாம் என்று அவர்தான் யோசனை சொன்னார். ஆறு வீட்டு முகப்புகள். பழைய கல்யாண போட்டோக்களையும் செல்போன் படங்களையும் வைத்துச் சுவரில் சாக்கட்டியால் வரைந்தார். இடமிருந்து நாலாவது எங்கள் வீடு. அந்த ஆறு வீடுகளில் நாலு ஏற்கெனவே இடிபட்டிருந்தன.

பதினைந்து பேர் சேர்ந்தோம். டைல்ஸ் கடைகளில் உடைந்ததைச் சும்மாவே கொடுத்தார்கள். புது வீடு கட்டுகிற இடங்களிலும் சாக்கோடு போய் நின்றோம். சாக்குக்குள் போட்டுச் சுத்தியலால் தட்டி, வேண்டிய அளவுக்கு இடுக்கியால் நறுக்கி, பசை தடவி ஒட்டி, இடுக்குகளில் வெள்ளை சிமெண்டைக் குழைத்துத் தேய்க்க வேண்டும். கையெல்லாம் கீறல். விரல் நுனியில் சிமெண்டு வெந்து தோல் உரிந்தது. ஆனாலும் எனக்கு அந்தச் சுவர் பிடித்திருந்தது. சாயங்காலம் ஆறு மணிவரை வீட்டுக்குப் போக வேண்டாம் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

வானத்துக்கு நீலம் இருந்தது, குளியலறை டைல்ஸ். சுவர்களுக்கு வெள்ளையும் தந்தமும் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைத்தது. தெருவுக்குச் சாம்பல். காவிதான் இல்லை. ஓடு, தரை, வளைவின் விளிம்பு எல்லாவற்றுக்கும் அந்தப் பழைய காவி வேண்டும். கடையில் கிடைத்த சிவப்பு பளபளவென்று பிளாஸ்டிக் போல இருந்தது. கூரை ஓட்டை உடைத்து ஒட்டிப் பார்த்தோம், மழை ஈரம் ஊறிக் கழன்று விழுந்தது. நடுவில் மூன்று நாள் மழையில் வேலையே நடக்கவில்லை. புதன்கிழமை ஆட்கள் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு வீடுகளும் கூரையும் வளைவும் இல்லாமல் நின்றன.

டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அரைகொறையா நின்னுச்சுன்னா ஓவிய வகுப்பே வேணாம்னு சொல்லிருவாக பிள்ளைகளா," என்றார். "ஹெச்.எம். காலையிலயே கேட்டாக, இதுக்குத்தான் இம்புட்டு நாளான்னு. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல."

என் பக்கத்து பெஞ்சுத் தோழி என் காதில், "ஒங்க வீட்டுல அந்தக் கல்லு இருக்குல்ல?" என்றாள்.

"அது எங்கப்பாவோடது," என்றேன்.

டீச்சர் அதைக் கேட்டுவிட்டார். அவர் என்னைக் கேட்கவே இல்லை. அதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "நான் கொண்டாறேன் டீச்சர்," என்று நானாகத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டங்களுக்கு லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்கப் பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தார். மழைக்கு மூடியிருந்த தார்ப்பாயை விலக்கி, அடுக்கிலிருந்து மேல் வரிசைக் கற்களை எடுத்து, பாயைத் திரும்ப மூடிவிட்டுப் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் போனேன். முழுக் கல்லை அப்படியே பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போயிருக்கலாம். ஆனால் தெருவில் யாராவது பார்த்து அப்பாவிடம் சொல்லிவிடுவார்கள் என்று பயம். உடைத்துச் சாக்கில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது.

முதல் கல்லைச் சாக்கில் சுற்றி மெதுவாகத் தட்டினேன். அது லேசில் உடையவில்லை. ஒரு விரல்கடைக் கனம் இருந்தது. இரண்டாவது கல்லை ஓங்கி அடித்தேன். சுவருக்கு நாலைந்து கல் போதும், அதற்கு மேல் தேவைப்படாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் நிறுத்தவில்லை. தட்டில் உதிர்ந்த சுண்ணாம்பு, சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா, பஸ் ஜன்னல்கள், அம்மா குனிந்தபோது காலை இழுத்துக்கொண்ட அப்பா, எல்லாம் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்தன. அடிக்க அடிக்க நன்றாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. பதினோரு கற்களை உடைத்தேன்.

உடைத்து முடித்த பிறகுதான் அழுகை வந்தது. சாக்கைக் கட்டிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கேட்டைத் திறந்துவைத்து டீச்சரும் நாலைந்து பேரும் காத்திருந்தார்கள்.

ஒட்டப் போனபோது ஒரு சிக்கல் வந்தது. கடை டைல்ஸ் மெலிசு, பூக்கல் கனம். அப்படியே ஒட்டினால் சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். திருப்பிப் பார்த்தால் நிறம் மேலே ஒரு அரிசிக் கனத்துக்குத்தான் இருந்தது. அடியில் இருந்ததெல்லாம் வெறும் சாம்பல் சிமெண்டு. எனவே ஒவ்வொரு துண்டையும் பக்கவாட்டில் தட்டி, அடியைச் சிதைத்து, மேல்தோலை மட்டும் பிரித்தெடுத்தோம். அந்தி சாயும் வரைக்கும், மறுபடி திங்கட்கிழமை வகுப்புக்குப் போகாமல் முழுநாளும் அதைத்தான் செய்தோம். திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு வீடுகளுக்கும் ஓடு வந்துவிட்டது. எங்கள் வீட்டு வளைவை நானே ஒட்டினேன். பச்சை மூலைகளைக் கிளிகளுக்கு வைத்தேன். மழை விட்டு வெயில் பட்டபோது சுவர் மினுங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். டீச்சர் என் தலையில் கை வைத்தார்.

மழைக்காக அப்பா வெள்ளிக்கிழமையே கற்களை ஒரு பழைய தார்ப்பாயால் மூடியிருந்தார், ஞாயிறும் திங்களும் விட்டுவிட்டுத் தூறியதால் பக்கத்தில் போகவில்லை. செவ்வாய்க்கிழமை கேரளப் பக்கம் கடையடைப்பு. ஜீப் மலைக்குப் போகவில்லை. மத்தியானம் அவர் உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து தார்ப்பாயை விலக்கியிருக்கிறார். பின்பக்கம் துவைக்கிற கல்லின் அடியில் காவித் தூள் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். அம்மாவைக் கேட்டிருக்கிறார், அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. எதிர்வீட்டில்தான், ஞாயிற்றுக்கிழமை நான் சைக்கிளில் கனமான சாக்கோடு பள்ளிக்கூடம் போனதைச் சொன்னார்கள்.

நாங்கள் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டுக்குள் வந்தார். வாட்ச்மேன் அவரைத் தடுக்கவில்லை, பிள்ளையைக் கூப்பிட வந்த அப்பா என்று நினைத்திருப்பார். கையில் அந்தச் சின்ன உளியும் சுத்தியலும் இருந்தன. கீழே வைக்க மறந்து எடுத்து வந்துவிட்டார் போல.

"நம்ம கல்லு எங்கத்தா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை.

நான் சுவரைக் காட்டினேன். அவர் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். அவருக்கு அது என்னவென்றே புரியவில்லை.

"இதுல எது?"

"நாலாவது நம்ம வீடுப்பா. வளைவு, கிளி எல்லாம் வச்சிருக்கோம். ஓட்டுல இருக்குறது பூராம் நம்ம கல்லுதான்."

அவர் பக்கத்தில் போய் வளைவைத் தொட்டார். விரலால் அதன் மேல் தடவிக்கொண்டே போனார். ஒரு நிமிடம், அவருக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அப்புறம் அவர் உளியை வளைவின் விளிம்பில் வைத்தார்.

"ஐயா, ஐயா!" டீச்சர் ஓடி வந்தார். "நாளைக்கு ஆளுக வர்றாக. ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன், கைய எடுங்க."

"ஏங் கல்லு டீச்சர். எனக்கு வேணும்."

"அப்பா வேணாம்ப்பா, எல்லாரும் பாக்குறாக," என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னைத் தள்ளவில்லை. நான் இல்லாதது போலத் தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு நாளிலேயே இறுகிவிட்ட பசை. முதல் துண்டு நொறுங்கி விழுந்தது. அடுத்தது ஒரு சில்லாக வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு அடி எங்க?" என்றார்.

"செதுக்கி எடுத்தாச்சுப்பா. கனமா இருந்துச்சு."

"அடியில்லாம இத எப்புடிப் பதிக்கிறது?"

அவர் உண்மையாகவே பதில் எதிர்பார்த்தார். அவர் தோள் துண்டை விரித்து, பெயர்த்த சில்லுகளை அதில் போட்டுக்கொண்டே இருந்தார். வளைவு போனது, ஒரு கிளி போனது, பாதி ஓடு போனது. பிள்ளைகளில் யாரோ அழ ஆரம்பித்தார்கள். டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு சில்லு பெயரும்போது அவருடைய விரலைக் கிழித்துவிட்டது. அப்போதுதான் நிறுத்தினார். துண்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போனார்.

நான் பின்னாலேயே ஓடினேன். ஆனால் அவரைத் தெருவில் காணவில்லை. ஜீப் ஸ்டாண்டுக்கு ஓடினேன், இல்லை. வீட்டுக்குப் போகப் பயந்து அம்மா சாயங்காலங்களில் தைத்த துணி கொடுக்கப் போகும் வீட்டுக்குப் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டேன். நடந்ததைக் கேட்டதும் அம்மா என்னைத் திட்டவில்லை. முகம் அப்படியே மாறிவிட்டது. "ஒங்கப்பா எங்கடி? ஒத்தையில விட்டுட்டா வந்த?" என்றவர் ஆற்றங்கரைப் படித்துறைக்கு ஓடினார். ஆற்றில் முழுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கரையில் யாரும் இல்லை. அங்கிருந்து வாய்க்கால் பாலம். அங்கேயும் இல்லை. அம்மாவின் ஒரு செருப்பு எங்கேயோ கழன்று போயிருந்தது. "எந்தாயி, எந்தாயி" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

அவர் வீட்டில்தான் இருந்தார். நீலத் தார்ப்பாயை முழுக்க அவிழ்த்துக் கீழே தள்ளியிருந்தார். கூடம் சாலைக்குத் திறந்து கிடந்தது. உத்தரத்துக்குக் கொடுத்திருந்த நடு முட்டுக்குப் பக்கத்தில், ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் சுத்தியலோடு நின்றார். முட்டின் அடியில் இறுக்கியிருந்த ஆப்பு பாதி வெளியே வந்திருந்தது. மழையில் தளர்ந்ததை அவர் திரும்ப இறுக்கப் போனாரா, தட்டிவிடப் போனாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தட்டிவிடத்தான் போகிறார் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் தடுப்பதற்குள் என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போய், உத்தரத்துக்கு நேர் கீழே அந்தத் தட்டைக் காலால் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"அடிங்க," என்றார். "நாங்களும் இங்கனயே இருக்கோம். எங்களுக்கும் சேத்து அடிங்க."

அப்பா எங்களைப் பார்த்தார். சாலையில் ஒரு லாரி போனது. மேலேயிருந்து சுண்ணாம்பு என் தலையிலும் அம்மா மடியிலும் உதிர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மாவின் பிடி என் எலும்பில் இறங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சுத்தியல் தரையில் விழும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அப்பா எங்களுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை போல முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். விரலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா எழுந்து போய்த் தன் முந்தானையைக் கிழித்து அதில் கட்டுப் போட்டார்.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. விடிந்ததும் டீச்சரும் பிள்ளைகளும் வந்து, பெயர்ந்த இடத்தைக் கையில் கிடைத்த வெள்ளைத் துண்டுகளால் அவசரமாக நிரப்பினார்களாம். பார்க்க வந்தவர்கள் சுவருக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள் என்று தோழி சொன்னாள். யாரும் எதையும் கேட்கவில்லை. டீச்சருக்கு வேலை போகவில்லை.

அந்த வாரத்திலேயே அப்பா கையெழுத்துப் போட்டார். நாங்கள் கோயில் தெருவில் ஒரு லைன் வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். மீதி வீட்டை இறக்க ஜேசிபிக்குச் சொன்னதும் அவர்தான். இந்த முறை மலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து எதிர்ப்பக்கம் நின்று கடைசிவரை பார்த்தார். மிச்சம் இருந்த முப்பது கற்களை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. புது வீட்டுக்கு அவை வரவில்லை.

அப்புறம் ஐந்து மாதம் அவர் என்னோடு பேசவில்லை. கோபமாக இருப்பதாகவும் தெரியவில்லை. எனக்கு வேண்டியதை எல்லாம் வாங்கிக் கொடுத்தார், அம்மா வழியாகக் கொடுத்தார். நான் ஒரு அறைக்குள் வந்தால் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுவார். அம்மா இப்போது நிம்மதியாகத் தூங்கினார். ஒரு தடவை, "நீ ஒடச்சதுனாலதான்டி நாம உசுரோட இருக்கோம்," என்றார். எனக்கு அந்தப் பேச்சு ஆறுதலாக இல்லை. நான் யாரையும் காப்பாற்ற உடைக்கவில்லை. உடைக்கும்போது என் மனதில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

இப்போது நான் தேனியில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் வீட்டுப் பிளான் வரைகிற வேலை பார்க்கிறேன். வருகிறவர்கள் தரைக்கு என்ன டைல்ஸ் போடலாம் என்று என்னிடம் யோசனை கேட்பார்கள். கேட்லாக்கைத் திறந்து அவர்கள் பக்கம் தள்ளிவிடுவேன், நானாக ஒன்றும் சொல்வதில்லை.

அந்த வருடப் பொதுத்தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒருநாள் அப்பா மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்குக் காய்ச்சல். நான் எடுத்துக்கொண்டு ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். பொழுது அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. அவர் ஜீப்பில் தனியாக ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தூக்கைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். திரும்பியிருக்கலாம். கால் வரவில்லை.

"அப்பா, நான் செஞ்சது தப்புப்பா. என்ன மன்னிச்சிருங்க."

அவர் துண்டை எடுத்து முன்கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்தார்.

"அன்னைக்குச் சத்தம் கேட்டுச்சு," என்றார். "முழிச்சுத்தான் கெடந்தேன். டக்கு டக்குனு பின்னால கேட்டுச்சு. ரோட்டுக்காரக வேலன்னு நெனச்சுத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். ஞாயித்துக்கெழம ரோட்டுவேல ஏதுன்னு எனக்குத் தோணல பாரு. ஒரு எட்டு எந்திரிச்சு வந்து பாத்திருந்தா..."

"அப்பா..."

"ஒம்மேல கோவம் இல்லத்தா. ஒன்னயப் பாத்தா அந்தச் சத்தந்தான் கேக்குது. நான் என்ன செய்யட்டும்?"

நான் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. அதற்குள் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் வந்துவிட்டார்கள். கையில் தூக்கு, தலையில் துண்டு, குளிருக்கு ஆண்பிள்ளைச் சட்டை. ஒவ்வொருவராகப் பின்னால் ஏறினார்கள். ஒரு வயதான அம்மா ஏறும்போது என்னைப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "யாரு, ஒம் பிள்ளயா? ஏன் அழுகுது?" என்று கேட்டார்.

"எம் பிள்ளதான். பரீட்ச எழுதப் போகுது, பயம்," என்றார் அப்பா.

பிறகு வண்டியை எடுத்து, நான் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்து, தள்ளி நிற்கச் சொல்லிக் கையை அசைத்துவிட்டு, மலைப் பக்கமாகத் திருப்பினார்.